ஆம்பூர் கம்பெனி பஸ்ஸும் ஐந்து பேர் கணக்கும்

பேரணாம்பட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: “அம்மா வீட்டில் பீடி சுற்றுகிறார். அக்கா ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிறார். குறைந்தபட்சக் கூலியை ஏற்றப் போகிறார்கள் என்று பேச்சு வந்தாலே, ‘ஏத்தினா கம்பெனிய மூடிடுவான், இருக்கிற வேலையும் போயிடும்’ என்கிறார்கள். எங்கள் பாடப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. அது உண்மையா?”

பாடப் புத்தகம் சொல்வது எளிது. விலை ஏறினால் வாங்குவது குறையும். தக்காளி கிலோ 100 ரூபாய் ஆனால் ரசத்தில் புளியைக் கூட்டிக்கொள்வோம். கூலியும் உழைப்பின் விலைதான், அது ஏறினால் முதலாளி ஆளைக் குறைப்பார். இந்த வாதம் நிற்க ஒரு நிபந்தனை உண்டு. தக்காளிச் சந்தையில் வாங்குகிறவர்கள் ஆயிரக்கணக்கானோர். ஒருவர் வாங்காமல் போனால் விலை அசையாது. அக்காவின் உழைப்பை வாங்க எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள்?

காலை ஆறரை மணிக்கு வாணியம்பாடியிலிருந்து ஆம்பூர் வரும் வழியில் ஏதாவது ஒரு கிளைச்சாலை முனையில் நின்று பாருங்கள். சாப்பாட்டுப் பையும் கழுத்தில் அடையாள அட்டையுமாகப் பெண்கள் நிற்பார்கள். கம்பெனி பஸ் வரும், ஏறுவார்கள், சாயங்காலம் அதே இடத்தில் இறங்குவார்கள். என் சித்தி மகள் பதினொரு வருடமாக அப்படித்தான் போய் வருகிறாள். பக்கத்துக் கம்பெனியில் கூலி கொஞ்சம் அதிகம் என்று அவளுக்குத் தெரியும். பிறகு ஏன் மாறவில்லை என்று கேட்டேன். “அந்த கம்பெனி வண்டி நம்ம ஊருக்கு வராதுண்ணா. ரெண்டு பஸ்ஸு மாறிப் போயி வர்றதுக்குள்ள ராத்திரி ஆயிடும். புள்ளைய யாரு பாத்துக்கறது?” என்றாள்.

நாற்பது தொழிற்சாலை உள்ள ஊரிலும் அவளைப் பொறுத்தவரை முதலாளி ஒருவர்தான். அவள் தெருவுக்கு வரும் பஸ் யாருடையதோ அவர்.

கரும்பு போடுகிறவர்களுக்கு இது புதிதாக இருக்காது. வெட்டிய கரும்பு நாள் தள்ளத் தள்ளச் சாறும் இனிப்பும் குறையும் என்பதால் பக்கத்து ஆலைக்கே கொடுத்தாக வேண்டும். கரும்பாவது ஓரிரு நாள் தாங்கும். இன்றைய உழைப்பு இன்று சாயங்காலத்தோடு சரி, நாளைக்கு எடுத்து வைத்து விற்க முடியாது. வாங்குபவர் ஒருவரே என்ற இந்த நிலைக்கு ‘மோனாப்சனி’ என்று பெயர். கேம்பிரிட்ஜில் பொருளாதார அறிஞர் ஜோன் ராபின்சன் 1933இல் வெளியிட்ட புத்தகத்தில்தான் இந்தச் சொல் வழக்குக்கு வந்தது. கிரேக்கம் படித்த ஹால்வர்ட் என்ற அறிஞர் அவருக்காக உருவாக்கித் தந்தது. தமிழில் ஒற்றை வாங்குநர் என்று வைத்துக்கொள்வோம்.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஷூ கம்பெனி. எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. தோல், பசை, கரண்ட் எல்லாம் போக, ஒரு தொழிலாளி ஒரு நாளில் சேர்க்கும் மதிப்பு 600 ரூபாய். நாள் கூலி 400 கொடுத்தால் 100 பேர் வருகிறார்கள். மேலும் ஆள் வேண்டுமென்றால் இன்னும் தள்ளியிருக்கும் ஊர்களிலிருந்தும், கைக்குழந்தை உள்ள வீடுகளிலிருந்தும்தான் வர வேண்டும். அவர்களை இழுக்கக் கூலியை ஏற்ற வேண்டும். 10 ரூபாய் ஏற்றினால் 5 பேர் கூடுதலாக வருவார்கள் என்று வையுங்கள்.

410 ரூபாய்க்கு 5 பேரைச் சேர்க்கலாமா? 600 ரூபாய் மதிப்பு சேர்ப்பவரை 410க்கு எடுப்பது லாபம் என்றுதான் தோன்றும். ஆனால் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே தையலைப் போடும் பழைய 100 பேருக்கு 400, புதியவருக்கு 410 என்றால் முதல் சம்பள நாளன்று சாப்பாட்டு வேளைக்குள் விஷயம் வெளியே வந்துவிடும். எல்லோருக்கும் 410 கொடுத்தாக வேண்டும். முன்பு மொத்தக் கூலி 40,000. இப்போது 105 பேருக்கு 410 வீதம் 43,050. அந்த 5 பேருக்காகக் கூடிய செலவு 3,050. தலைக்கு 610. அவர்கள் ஒவ்வொருவரும் சேர்ப்பதோ 600. முதலாளி வேண்டாம் என்றுவிடுவார்.

410 ரூபாய்க்கு வரத் தயாராக ஒரு பெண் வீட்டில் இருக்கிறாள். அவள் வந்தால் 600 ரூபாய்க்கு வேலை நடக்கும். ஆனாலும் அந்த வேலை உருவாகவில்லை. கேட்டில் ‘ஆட்கள் தேவை’ போர்டு தொங்கிக்கொண்டே இருக்கிறது, 400 ரூபாய்க்கு ஆள் தேவை என்ற பொருளில்.

இப்போது அரசு வந்து 450க்குக் குறைவாக யாருக்கும் கொடுக்கக் கூடாது என்கிறது. பழைய 100 பேருக்கு எப்படியும் 450 கொடுத்தே ஆக வேண்டும், 101ஆவது ஆளை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும். ஆகவே அந்த 101ஆவது ஆளுக்கான கூடுதல் செலவு வெறும் 450. அவர் சேர்ப்பது 600. எடுக்கலாம். 102, 103 என்று, 450க்கு வரத் தயாராக உள்ள 125 பேர் வரைக்கும் எடுக்கலாம். கூலியும் ஏறிற்று, வேலையும் 25 கூடிற்று. லாபம்? முன்பு 100 பேரால் தலைக்கு 200 வீதம் 20,000. இப்போது 125 பேரால் தலைக்கு 150 வீதம் 18,750. குறைகிறது, ஆனால் கம்பெனியை மூடும் அளவுக்கு இல்லை. அந்த 1,250 ரூபாய்க்காகத்தான் அத்தனை சத்தமும்.

முதன்முதலாக இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த இரவு நான் மூன்று முறை கூட்டிச் சரிபார்த்தேன். ஒரு விலையை மேலே தள்ளினால் வாங்கும் அளவும் கூடுகிறது என்பது அவ்வளவு விசித்திரமாக இருந்தது. இதற்கு எல்லை உண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இதே கம்பெனியில் கூலியை 600க்கு மேல் கொண்டுபோனால் ஊரார் சொல்வதுதான் நடக்கும், கதவு மூடும். 400க்கும் 600க்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை ஊர் ஊராக, தொழில் தொழிலாக அளந்துதான் அறிய முடியும்.

அப்படி அளந்தவர்கள் டேவிட் கார்டு, ஆலன் க்ரூகர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள். 1992 ஏப்ரல் 1 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் மணிக்கூலியின் கீழ்வரம்பை 4.25 டாலரிலிருந்து 5.05 ஆக ஏற்றியது. எல்லைக்கு அப்பால் பென்சில்வேனியா ஏற்றவில்லை. இரு பக்கமும் சேர்த்து 410 துரித உணவுக் கடைகளில், ஏற்றத்துக்கு முன்பும் சில மாதம் கழித்தும் ஆட்களை எண்ணினார்கள். நியூ ஜெர்சியில் வேலை குறைந்ததற்கான தடயம் இல்லை. 1994இல் கட்டுரை வெளிவந்ததும் பெரிய சண்டை. நியூமார்க், வாஷர் என்ற இருவர் வேறு தரவுகளைக் காட்டி மறுத்தார்கள், கார்டும் க்ரூகரும் அரசுப் பதிவுகளைக் கொண்டு 2000இல் பதில் சொன்னார்கள். 2021இல் கார்டுக்கு நோபல் பரிசில் பாதி கிடைத்தது. க்ரூகர் 2019இலேயே இறந்துவிட்டார்.

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்றால், பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. ஒன்றுபட்ட ஆந்திரத்தில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் கூலி, கசிவும் தாமதமும் குறைந்து கைக்குச் சேர ஸ்மார்ட் கார்டு கொண்டுவந்தபோது, எந்த மண்டலத்துக்கு (நம் ஊராட்சி ஒன்றியம் போன்றது) முதலில் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நீஹாஸ், சுக்தங்கர் ஆகியோரும் அதைப் பின்தொடர்ந்தார்கள். திட்டம் ஒழுங்காக நடந்த மண்டலங்களில் ஏழைக் குடும்பங்களின் வருமானம் 14 சதவீதம் கூடியது. அதில் 86 சதவீதம் திட்டத்துக்கு வெளியே சம்பாதித்தது. ‘அங்கே போனால் ஒழுங்காகக் கூலி வரும்’ என்று ஒரு மாற்று வழி இருந்ததால் நிலக்காரர்கள் தரும் கூலி ஏறியது. தனியார் வேலையும் கூடியது. நம் ஊர் டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதையும் நான் இதே கண்ணோடுதான் பார்க்கிறேன். கம்பெனி பஸ் வராத இடத்துக்கும் செலவில்லாமல் போக ஒரு வண்டி இருந்தால், முதலாளி ஒருவர் இருந்த இடத்தில் இரண்டு பேர் ஆகிறார்கள்.

ஆனால் அம்மாவின் பீடிக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. அரசு ஏற்றினால் தாளில் ஏறும். ஏஜெண்டோ கட்டு இலையில் கொஞ்சம் குறைத்துத் தருவார், ஆயிரம் தேற வேண்டுமென்றால் சொந்தக் காசில் இலை வாங்க வேண்டும். சுற்றிக் கொடுத்ததிலும் ஒரு கை அள்ளிச் ‘சரியில்லை’ என்று கழித்துவிடுவார். வீட்டுத் திண்ணையில் நடக்கும் இந்த வேலையைப் பார்க்கத் தொழிலாளர் துறை ஆய்வாளர் வருவதில்லை. கீழ்வரம்பு என்பது தரையாக இருந்தால்தான் மேலே சொன்ன கணக்கு நிற்கும். ஓட்டை போட்ட தரையில் நிற்காது.

நமக்கு உள்ள குறை, எண்ணிப் பார்க்க ஆளில்லாதது. 1916இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி வீடு வீடாகக் கணக்கெடுக்க வைத்தார். அன்றைய வடஆற்காடு மாவட்டத்தின் தூசி கிராமம் அதில் ஒன்று. 1930களிலும் 60களிலும் 80களிலும் வேறு வேறு ஆய்வாளர்கள் அதே தூசிக்குத் திரும்பிப் போனார்கள். உலகில் அதிகம் ஊர்களுக்குக் கிடைக்காத கொடை அது. இன்று ஆம்பூரில், ராணிப்பேட்டையில், குடியாத்தத்தில் அப்படி ஒரு தொடர் கணக்கு வேண்டும். அதற்கு ஆகும் செலவு பெரிதில்லை. நம் பல்கலைக்கழகங்கள் அதற்குக் காசு ஒதுக்காமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

நியூ ஜெர்சி போல ஓர் எல்லை நமக்கும் உண்டு. 1911 வரை வடஆற்காட்டின் தலைநகரமே சித்தூர்தான். இன்று காட்பாடி தாண்டினால் கொஞ்ச தூரத்தில் ஆந்திரம், பேரணாம்பட்டிலிருந்து மலையேறினால் வி.கோட்டா. அதே மண், இரண்டு மொழியும் பேசும் மனிதர்கள், ஆனால் குறைந்தபட்சக் கூலியை இரண்டு அரசுகள் தனித்தனியாக நிர்ணயிக்கின்றன. ஒரு பக்கம் மட்டும் திருத்தம் வரும் ஆண்டில், இரு பக்கமும் இருபது இருபது ஓட்டல்களில் முன்பும் பின்பும் ஏறி இறங்கினால் போதும். எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், என்ன கூலி, போர்டு தொங்குகிறதா என்ற மூன்று கேள்விகள்.

கேள்வி கேட்ட மாணவிக்கு: உங்கள் இறுதியாண்டு ஆய்வுக்கு இதை எடுத்துக்கொள்ளுங்கள். படிவம் தயாரிக்க நான் உதவுகிறேன். அதற்கு முன், இந்த வாரம் ஏஜெண்ட் தரும் இலையை அம்மாவோடு உட்கார்ந்து எண்ணுங்கள். ஆயிரத்துக்கு என்று தந்ததில் எத்தனை பீடி தேறுகிறது என்று எழுதி அனுப்புங்கள்.