பொத்தான் வேறு, ஆளி வேறு

மோட்டார் சைக்கிள் திருத்துவது பற்றித் தமிழில் வரும் காணொளிகளிலும் குறிப்புகளிலும் ‘முன் பிறேக் லைற் பொத்தான்’ என்ற தொடர் பெருகிவிட்டது. முன் பிறேக்கைப் பிடித்ததும் பின்விளக்கை எரியவைக்கும் சுவிச்சைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். ‘முன் பிறேக் பொத்தான் பழுதானால் என்ன செய்வது?’, ‘பொத்தானை அழுத்திப் பாருங்கள், பின்விளக்கு எரிகிறதா?’ என்று கூசாமல் எழுதுகிறார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இந்தச் சொல் தமிழைக் கெடுப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். வண்டி திருத்த உட்கார்ந்தவரின் வேலையையே கெடுக்கிறது.

முதலில் பொருளைப் பார்ப்போம். டிரம் பிறேக் உள்ள பழைய ஜப்பானிய வண்டிகள் பலவற்றில், வலக்கைப் பிறேக் லீவர் பொருந்தும் இடத்தை ஒட்டி, விரல் நுனி அளவில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதிலிருந்து இரண்டு வயர்கள் ஹெட்லைற் கூட்டுக்குள் போகும். மறுபக்கம் ஒரு சிறு முனை நீட்டிக்கொண்டிருக்கும். லீவரைப் பிடிக்காத நேரமெல்லாம் லீவரின் அடிப்பகுதி அந்த முனையை உள்ளே அழுத்தி வைத்திருக்கிறது. அப்போது உள்ளே தொடுகைகள் பிரிந்திருக்கும், விளக்கு எரியாது. லீவரைப் பிடித்ததும் அந்த அழுத்தம் விலகும். சுருள்வில் முனையை வெளியே தள்ளும். தொடுகைகள் சேர்ந்து பின்னால் சிவப்பு விளக்கு எரியும். குளிர்சாதனப் பெட்டியின் கதவோரத்தில் இருப்பதும் இதே ஏற்பாடுதான்: கதவு மூடி முனையை அழுத்தியிருக்கும்வரை உள்விளக்கு அணைந்திருக்கும்.

ஆக, இது அழுத்தினால் அணைவது, விட்டால் எரிவது. பொத்தான் என்றதும் தமிழ் வாசகர் மனதில் என்ன வரும்? அழுத்தினால் வேலை செய்கிற ஒன்று. ஹோர்ன் பொத்தான் அப்படித்தான், ஸ்டார்ட் பொத்தானும் அப்படித்தான். அவற்றைப் பொத்தான் என்பதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. ஆனால் ‘பிறேக் பொத்தானை அழுத்திப் பாருங்கள்’ என்று படித்தவர், துண்டைக் கழற்றி முனையை விரலால் அழுத்துவார். விளக்கு எரியாது. பழுது என்று முடிவுகட்டி, நல்ல துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு, கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போவார். உண்மையான பழுதோ பல வேளைகளில் நேர்மாறானது: அழுக்கு ஏறி முனை உள்ளேயே சிக்கிக்கொண்டிருக்கும், லீவரைப் பிடித்தாலும் வெளியே வராது. அழுத்து அழுத்து என்று சொல்லிக்கொடுத்தால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

செய்யவேண்டிய சோதனை மிக எளிது. திறப்பைப் போட்டு, அந்த இரண்டு வயர்களையும் கழற்றி, ஒரு சிறு கம்பித் துண்டால் ஒன்றோடொன்று சேருங்கள். பின்விளக்கு எரிந்தால் பழுது அந்தக் கறுப்புத் துண்டில். எரியாவிட்டால் மின்குமிழ், உருகி, வயர் இவற்றில் எங்கோ. கால் பிறேக்கை மிதித்தால் விளக்கு எரிகிறதென்றால் மின்குமிழில் சந்தேகம் வேண்டாம்; முன் பிறேக்கின் துண்டும் கால் பிறேக்கின் துண்டும் பக்கம் பக்கமாக இணைக்கப்பட்டவை, இரண்டில் எது சுற்றை மூடினாலும் மின்குமிழின் அதே இழைதான் எரியும். அப்போது ஹாண்டில் திரும்பித் திரும்பி வயர் அற்றுப்போகும் வளைவைப் பாருங்கள். வெள்ளவத்தை, தெஹிவளை மாதிரிக் கடற்கரையோரம் வண்டி நிற்பவர்கள் உள்ளே தொடுகைகளில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். தொடுகைகளைத் துப்புரவாக்கும் கொன்டாக்ட் கிளீனர் அடித்து முனையை நாலைந்து தரம் உள்ளும் வெளியுமாக விட்டு எடுத்தாலே பல துண்டுகள் பிழைத்துவிடும். மாறாக, விளக்கு ஓயாமல் எரிகிறதா? முனை தேய்ந்து, லீவரால் அதைப் போதுமான அளவு அழுத்த முடியாமல் போயிருக்கலாம்.

இப்படிப்பட்ட பொருளுக்கு இலங்கைத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: ஆளி. நம் பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில் மின்கலமும் மின்குமிழும் வரைந்து நடுவில் இது இருக்கும். சுற்றை மூடுவதும் திறப்பதும் அதன் வேலை என்று படித்திருக்கிறோம். ஆள் என்ற வினையடியோடு இ விகுதி சேர்ந்தது, ஆள்வது ஆளி. அவ்வளவுதான் சொல்வரலாறு. ஆங்கிலச் சொல்லான சுவிச்சோ, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் குதிரையோட்டுபவர் கையில் இருந்த மெல்லிய பிரம்பைக் குறித்தது. பிறகு ரயில் பாதை மாற்றும் தண்டவாளத்துக்குப் போய், மின்சாரம் வந்தபின் இங்கே வந்து சேர்ந்தது.

சுவிச்சுக்குச் ‘சொடுக்கி’ என்று எழுதவேண்டும் என்பவர்கள் இந்தப் பிரம்புக் கதையை வைத்துத்தான் வாதாடுகிறார்கள். சாட்டையைச் சொடுக்குகிறோம், ஆகவே மூலப் பொருளுக்கும் பொருந்துகிறது, அழகாகவும் இருக்கிறது என்பது அவர்கள் கட்சி. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் 400 ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலேயர் கையில் இருந்த பிரம்பை நாம் ஏன் தமிழில் கட்டிச் சுமக்கவேண்டும்? சொடுக்குதல் என்பது ஒரு சடக்கென்ற அசைவு. சுவரில் உள்ளதற்கு அது ஓரளவு பொருந்தும். பிறேக் லீவரை மெல்லமெல்லப் பிடிக்கும்போது மெல்லமெல்ல வெளியே வரும் முனையில் என்ன சொடுக்கு இருக்கிறது? அதற்குள் கணினிச் சுட்டியின் வேலைக்கும் சொடுக்குதல் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

தமிழ்நாட்டுப் பாடநூல் வழக்கில் ஆளிக்குச் ‘சாவி’ என்றும் வரும். பூட்டைத் திறக்கும் சாவிக்கு நமக்குத் திறப்பு என்ற சொல் இருப்பதால் இங்கே குழப்பம் குறைவு என்று நினைக்கலாம். ஆனால் மோட்டார் சைக்கிளில் சாவி என்றால் எஞ்சினை உயிர்ப்பிப்பதுதான் எவருக்கும் நினைவுக்கு வரும். சாவியும் பொத்தானும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை. சட்டையில் தைப்பதை யாழ்ப்பாணத்தில் தெறி என்பார்கள். வந்த சொல் என்பதற்காக நான் அவற்றைத் தள்ளவில்லை. தவறான இடத்தில் வைப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

ஆளியின் பலம், அது எந்த அசைவையும் சொல்லவில்லை என்பதே. அழுத்தினாலும் இழுத்தாலும் திருகினாலும் விட்டாலும், மின்னோட்டத்தை ஆள்கிறதென்றால் அது ஆளி. கால் பிறேக்கில் உள்ளது மிதியோடு சுருள்வில்லால் கோத்து இழுக்கப்படுவது. அதைப் பொத்தான் என்று எவராலும் சொல்ல முடியாது, இழுவை ஆளி என்று தாராளமாகச் சொல்லலாம். எண்ணெயில் இயங்கும் டிஸ்க் பிறேக் சிலவற்றில் குழாயின் இணைப்பிலேயே திருகியிருப்பது அழுத்த ஆளி. அதற்கு விரலோ லீவரோ தொடும் முனையே கிடையாது. அதோடு, ஆளி தனியாக நிற்கும் சொல்லுமல்ல. உருகி, தடையி, கடத்தி, மின்மாற்றி என்று ஒரே அச்சில் வார்த்த குடும்பம் பக்கத்தில் இருக்கிறது. ஒன்றைக் கற்றவருக்கு மற்றது தானாகப் புரியும்.

ஆளி என்றால் சிங்கம், யாளி, ஆளி விதை என்றெல்லாம் பொருள் வருமே என்பார்கள். ஆறு என்பது எண்ணும்தான், நதியும்தான்; யாருக்கும் தடுமாற்றம் இல்லை.

என் கோபம் மொழிபெயர்ப்பவர்கள்மேல்தான். பொருளைக் கையில் எடுத்துப் பார்க்காமல், திரையில் உள்ள சொல்லை மட்டும் பார்த்துப் பெயர்க்கிறார்கள். பிறேக் விளக்கை ‘உடைப்பு விளக்கு’ என்று எழுதியதையும் படித்திருக்கிறேன். ஆங்கிலத்தில் ஒலி ஒன்றாயிருக்கும் brake, break என்ற இரண்டு சொற்களைப் பிரித்தறியவில்லை. எதை உடைக்க இந்த விளக்கு என்று யோசிக்கவும் இல்லை. நாம் பத்து வயதில் கற்ற சொற்களைப் பெரியவர்களான பின் தொலைத்துவிட்டு, இன்னொருவர் அவசரத்தில் கட்டியதை இரவல் வாங்குகிறோம்.

பஞ்சிகாவத்தைக் கடையில் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ‘பிறேக் லைற் சுவிச்’ என்றே கேட்கிறார்கள். கேட்கட்டும், அதில் பிழையில்லை. எல்லோருக்கும் ஒரே பொருள் கைக்கு வருகிறது. பிறேக்குக்குத் தடுப்பு என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அது பரவாயில்லை, ஆனால் வீதித் தடுப்பு, பொலிஸ் தடுப்பு என்று அது வேறு வேலைகளில் அகப்பட்டிருப்பதால் வண்டிக்குப் பிறேக்கையே வைத்துக்கொள்வேன். எழுத்தில் என் பரிந்துரை: முன் பிறேக் விளக்கு ஆளி, பின் பிறேக் விளக்கு ஆளி. பேச்சில் சுவிச் என்று சொல்லுங்கள், சரி. பொத்தான் என்பதை ஹோர்னுக்கும் ஸ்டார்ட்டுக்கும் விட்டுவிடுங்கள்.