வழி தவறினால் மேலே ஏறு

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: “பயிற்சி விமானிகள் வழி தவறிவிட்டால் மேலே ஏறச் சொல்கிறார்களாமே? கீழே இறங்கி ஊர்ப் பெயர்ப் பலகையைப் படிப்பதுதானே புத்திசாலித்தனம்?”

நம் கடற்கரையை ஒட்டிப் பறப்பவர் வழி தவறுவது கொஞ்சம் கஷ்டம்தான். தெற்கே போனால் கடல் இடப்பக்கம். தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு என்று முகத்துவாரங்கள் வரிசையாக வரும், அப்புறம் பிச்சாவரத்து அலையாத்திக் காடு. உள்நாட்டுப் பக்கம் திரும்பினால்தான் வினை. பக்கக் காற்று ஒரே ஒரு டிகிரி தள்ளினாலும் 60 கிலோமீட்டரில் 1 கிலோமீட்டர் விலகியிருப்பீர்கள். ஜிபிஎஸ் இருக்கிறது, சரி. அது அணைந்துவிட்டதாக வைத்துக்கொண்டுதான் பயிற்சி.

உயரம் போனால் தொலைவில் உள்ள ஆறும் ரயில் பாதையும் கண்ணில் படும். ஆனால் எனக்குப் பிடித்த காரணம் வேறு: ரேடியோ.

விமானங்கள் பேசுவது விஎச்எஃப் அலையில். அது கிட்டத்தட்ட ஒளியைப் போல நேர்கோட்டில் போகும். பூமியின் வளைவு குறுக்கே வந்தால் அவ்வளவுதான். தேவனாம்பட்டினத்து மீனவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. ஆன்டெனா 4 மீட்டர் உயரத்தில் இருந்தால், படகுக்குப் படகு 16 கிலோமீட்டர் வரைதான் பேச்சு. கணக்கு எளிது: மீட்டரில் உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் ரேடியோ தொடுவானம், அதாவது அலை எட்டும் எல்லை. இரண்டு பக்கத்துக்கும் கண்டுபிடித்துக் கூட்டவேண்டும். பத்தாம் வகுப்பு பிதாகரஸ்தான். காற்று மேலே போகப் போக மெலிவதால் அலை சற்றே பூமிப் பக்கம் வளைகிறது, அதனால் கண்ணுக்கு எட்டுவதைவிடக் கொஞ்சம் கூடுதல் தூரம்.

கடலூருக்கு மேலே 300 மீட்டரில் இருக்கிறீர்கள். உங்கள் பங்கு 71 கிலோமீட்டர். எதிர்முனை ஆன்டெனா 20 மீட்டர் என்றால் அதன் பங்கு 18. மொத்தம் 89. மீனம்பாக்கமோ நேர்கோட்டில் சுமார் 145 கிலோமீட்டர்; நீங்கள் கத்தினாலும் கேட்காது. 1,200 மீட்டருக்கு ஏறுங்கள்: 143 கூட்டல் 18, ஆக 161. அதே ரேடியோ, அதே பேட்டரி!

அதுவும் எட்டவில்லையா? அவசர அலைவரிசையான 121.5 மெகாஹெர்ட்ஸில் பேசலாம். 10,600 மீட்டரில் போகும் பயணிகள் விமானத்தின் தொடுவானம் 420 கிலோமீட்டரைத் தாண்டும். அந்த விமானி காதில் விழுந்தால் தரைக்குத் தகவல் சொல்லிவிடுவார்.

மேலே மேகம் மூடியிருந்தால் ஏறக்கூடாது. இன்ஜின் நின்றுபோனால் ஏறவும் முடியாது. இறங்க இறங்க எட்டும் தூரம் சுருங்கும். ஆகவே விமானத்தைச் சீராக்கி, இறங்க இடம் பார்த்த கையோடு “மேடே” என்ற ஆபத்து அழைப்பை மூன்று முறை சொல்லிவிடவேண்டும். ரேடாருக்குப் பதில் சொல்லும் கருவியான டிரான்ஸ்பாண்டரில் 7700 என்ற அவசர எண்ணை வைத்தால் ரேடார் திரையிலும் தெரியும். சூத்திரத்தைவிடச் சிரமமான பாடம் கௌரவத்தை விடுவது என்பேன். “வழி தெரியவில்லை” என்று சொல்ல நம் பிள்ளைகளுக்கு வாய் வராது. எலுமிச்சம்பழம் கட்டுவதற்கு இருக்கும் அக்கறை இதைச் சொல்லிப் பழகுவதற்கும் வேண்டும்.

தரையில் விழுந்தபின் உயரமே இல்லையே? அதற்குத்தான் 406 மெகாஹெர்ட்ஸ் அவசரக் கருவி. மோதலின் அதிர்ச்சியில் தானே இயங்கி, சுமார் 50 நொடிக்கு ஒருமுறை செயற்கைக்கோளை அழைக்கும். செயற்கைக்கோளுக்கும் தரைக்கும் நடுவே வளைவு ஏது? நம் நாட்டில் அதைக் கேட்கும் நிலையத்தை பெங்களூரில் இஸ்ரோ நடத்துகிறது. ராக்கெட் ஏவும் நாளில் கைதட்டும் நாம், இந்த வேலைக்கு ஒதுக்கும் பணத்தைப் பற்றி ஒரு நாளும் பேசுவதில்லை.