பலாக் கட்டையில் வீணை செய்வது ஏன்?

அன்று அறுத்த பலாப் பலகை மஞ்சள் பூசிக் குளித்தாற்போல் இருக்கும். மரத்தூள் பட்டால் கையும் மஞ்சளாகிவிடும். ஒருமுறை, இழைத்து முடித்த பலகையின் மேல் ஒரு மரச்சட்டத்தை மறந்து வைத்துவிட்டேன். சில வாரம் கழித்து எடுத்துப் பார்த்தால், பலகை முழுக்கத் தேன் நிறத்துக்குப் போயிருந்தது. சட்டம் கிடந்த இடம் மட்டும் பழைய மஞ்சளிலேயே பட்டையாகத் தெரிந்தது. வெளிச்சமும் காற்றும் படப்பட இந்த மரம் கறுக்கும். வருடங்கள் போனால் செம்பழுப்பாகிவிடும். பழைய வீணையின் உருண்டைப் பகுதியான குடத்தின் நிறத்தில் பாலிஷுக்கு மட்டுமல்ல, மரத்தின் வயதுக்கும் பங்கு உண்டு.

அந்த மஞ்சளுக்கு முக்கியக் காரணம் மோரின் என்ற பொருள். பலாவின் சொந்தக்காரர்களான முசுக்கட்டைக் குடும்பத்து மரங்கள் சிலவற்றிலும் இது இருக்கிறது. தாய்லாந்தின் வனத் துறவிகள் பலாக் கட்டையைச் சீவி வேகவைத்து, அந்தச் சாற்றில்தான் தங்கள் ஆடையான சீவரத்துக்குச் சாயம் ஏற்றுவார்கள். மோரினுக்கு அலுமினியத்தோடு நல்ல ஒட்டுதல். இரண்டும் சேர்ந்தால் புற ஊதா ஒளியில் பச்சையாக ஒளிரும், அதனால் அலுமினியத்தைக் கண்டுபிடிக்க ஆய்வகங்களில் இதைப் பயன்படுத்துவதுண்டு. பலாச் சாயத்தில் படிகாரம் சேர்த்தால் மஞ்சள் துணியில் நிற்பதும் இதனால்தான். படிகாரத்தில் இருக்கும் அலுமினியம் சாயத்தையும் நூலையும் பிடித்துக் கட்டி வைக்கிறது.

சரி, மரம் ஏன் இப்படி ஒரு பொருளைத் தன் நடுவில் சேர்த்து வைக்கிறது? தண்டின் வெளிப்பக்கத்து வெளுத்த கட்டைதான் வேரிலிருந்து நீரை மேலே கொண்டுபோகும் பகுதி. அங்கே மாவுச்சத்தும் இருக்கும். மரம் பருக்கப் பருக்க, உள்ளே தள்ளப்பட்ட பகுதிக்கு அந்த வேலை இல்லாமல் போகிறது. அங்கிருக்கும் செல்கள் சாவதற்கு முன் மாவுச்சத்தைச் செலவழித்து, பூச்சிக்கும் பூஞ்சைக்கும் பிடிக்காத பொருள்களாக மாற்றிவிடுகின்றன. இதைத்தான் நாம் வைரம் பாய்வது என்கிறோம். வைரத்தைக் கரையான் எளிதில் தொடாது. வெள்ளைக் கட்டையை மட்டும் தேடித் தின்னும். கதவுக்கோ கட்டிலுக்கோ பலா வாங்குகிறவர்கள் பலகையின் ஓரத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அங்கே வெளிறிய பட்டை இருந்தால் அதைச் சீவி எறியச் சொல்லுங்கள். விலை கொஞ்சம் ஏறினாலும் பரவாயில்லை.

வெட்டிய கட்டை காய்வதுதான் பெரிய சோதனை. மரத்தின் ஈரம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் சுருங்கத் தொடங்கும். அப்படிச் சுருங்குவதும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லை. தண்டைச் சுற்றி ஓடும் வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. முழு உருளையில் சுற்றளவு குறையப் பார்க்கும், உள்ளே இருக்கும் கட்டை விட்டுக்கொடுக்காது. கடைசியில் ஆப்பு வைத்தாற்போல் வெடிப்பு விழும். மிருதங்கக் கட்டையை நினைத்துப் பாருங்கள். நடுவைக் குடைந்து எடுத்துவிட்டால் எதிர்த்து நிற்க எதுவும் இல்லை, வளையம் தன்பாட்டில் சுருங்கிக்கொள்ளும். அதனால்தான் முதலில் தடிப்பாகக் குடைந்து, நிழலில் ஆற வைத்து, அப்புறம் அளவுக்குக் கொண்டுவருவது நல்லது. மிருதங்கத்தின் சுருதி சுத்தமாக இருப்பதற்கு வலந்தலையின் (வலப்பக்கத் தோலின்) நடுவில் பூசிய கறுப்புக் கரணைதான் காரணம் என்பதை சி. வி. ராமன் 1920-லேயே விளக்கிவிட்டார். கட்டையின் வேலை வேறு. வார்களின் இழுப்பை வருடக்கணக்கில் நெளியாமல், வெடிக்காமல் தாங்க வேண்டும்.

வீணையில் மரத்துக்கு வேலை இன்னும் அதிகம். கம்பி மெல்லியது, அது மட்டும் அதிர்ந்தால் காற்று பெரிதாக அசையாது. அதிர்வு, கம்பிகளைத் தாங்கும் குதிரை வழியாகக் குடத்தின் மேல் பலகைக்கு இறங்குகிறது. அந்த அகன்ற பரப்புதான் காற்றைத் தள்ளி நம் காதுவரை கொண்டுவருகிறது. பலகை கனமாக இருந்தால் கம்பியால் அதை அசைக்க முடியாது, நெகிழ்வாக இருந்தால் ஏழு கம்பிகளின் இழுப்பில் அமுங்கிவிடும். பலா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. காய்ந்த ஈட்டி மரம் கன மீட்டருக்கு 800 கிலோவைத் தாண்டும், பலா 600 கிலோவை ஒட்டி வரும். அந்த எடைக்கு அதன் விறைப்பு நல்ல அளவு. உளிக்கும் இணங்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பலா நன்றாகப் பருக்கும் மரம். குடம், கழுத்தான தண்டி, யாளி முகம் எல்லாவற்றையும் ஒரே கட்டையில் குடையும் ஏகாண்ட வீணைக்கு அத்தனை பெரிய தண்டு வேண்டும். ஒட்டு இல்லாததால் அதிர்வு போகும் வழியில் தடையும் இல்லை. தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெருமையில் பலா மரத்துக்கும் பாதி உரிமை உண்டு என்றே நான் சொல்வேன்.

ஆனால் பழம் தரும் மரத்தை வெட்ட யாருக்கு மனம் வரும்? இலங்கையில் பலாவை வெட்ட அனுமதி வேண்டும் என்று 1951-லேயே சட்டம் வந்துவிட்டது. நம் பக்கம் காய்ப்பு ஓய்ந்த முதிய மரங்கள்தான் பெரும்பாலும் பட்டறைக்கு வரும். கருவிக் கட்டைக்குப் பெயர்போன பண்ருட்டிப் பக்கம் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புகுந்தது. முந்திரியோடு பலாவும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தது. மறுவருடம் நட்ட கன்று சில வருடங்களிலேயே காய்க்கத் தொடங்கிவிடும். ஆனால் 2032-இல்தான் அதற்கு இருபது வயது. ஒரு குடம் குடையும் அளவுக்குத் தண்டு பருத்து வைரம் பாய, அதற்குப் பிறகும் பல வருடம் நிற்க வேண்டும்.