சர்வாதிகாரி: சொல் விளக்கம்

‘சர்வ’ என்றால் எல்லாம். எல்லா அதிகாரமும் உடையவர் சர்வாதிகாரி. வடசொல்தான். இன்று வசைச்சொல்போல ஒலித்தாலும் எப்போதும் அப்படி இருந்ததில்லை. 1938 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மறியலை நடத்தும் பொறுப்பாளருக்கே ‘சர்வாதிகாரி’ என்று பெயர். ஒருவர் கைதானால் அடுத்த சர்வாதிகாரி வந்துவிடுவார்.

ஆங்கிலத்தின் ‘டிக்டேட்டர்’ லத்தீனிலிருந்து வந்தது. ‘சொல்’ என்னும் பொருளுள்ள வேர். பள்ளிக்கூடத்து ‘டிக்டேஷன்’ இதன் உடன்பிறப்பு. ரோமக் குடியரசில் அது ஒரு முறையான பதவி. போரோ கலகமோ மூண்டால், செனட் என்னும் மூத்தோர் அவை கேட்டுக்கொண்டபடி, கான்சல் எனப்பட்ட ஆட்சித்தலைவர் இருவரில் ஒருவர் நியமிப்பார். கோடரி செருகிய பிரம்புக்கட்டைத் தோளில் சுமந்து 24 காவலர்கள் முன்னே நடப்பார்கள். ஆனால் தவணை ஆறே மாதம். கருவூலச் சாவி செனட்டிடம். அனுமதி வாங்காமல் குதிரை ஏறவும் கூடாது, கி.மு. 217இல் டிக்டேட்டரான ஃபேபியஸ் கேட்டுத்தான் ஏறினார். கி.மு. 458இல் சின்சினாட்டஸ் பகைவரை முறியடித்து, 16ஆம் நாளே பதவியைத் துறந்து வயலுக்குப் போனார் என்பது ரோமர் மரபு.

கி.மு. 82இல் டிக்டேட்டரான படைத்தலைவர் சுல்லா இந்தத் தவணையை எடுத்துவிட்டார். கொல்லப்பட வேண்டியவர்களின் பட்டியல் பொதுவில் ஒட்டப்பட்டது. முதலில் 80 பெயர், ஒருநாள் விட்டு இன்னும் 220, அதற்கு மறுநாள் அதே அளவு என்று பண்டைய வரலாற்றெழுத்தாளர் புளூட்டார்க் கணக்குச் சொல்கிறார். பட்டியலில் இருப்பவரின் சொத்து ஏலத்துக்கு வரும். ஆகவே பணக்காரர் பெயர்கள் தாமாகவே ஏறின. சுல்லா பிறகு தானாகவே விலகினார். ஆனால் தவணையற்ற பதவி என்ற முன்மாதிரி விலகவில்லை. சீசர் கி.மு. 44இல் வாழ்நாள் டிக்டேட்டர் ஆனார், மார்ச் 15இல் கொல்லப்பட்டார். அதே ஆண்டு அப்பதவியையே சட்டம் போட்டு ஒழித்தார் சீசரின் கூட்டாளி அந்தோணி.

இங்கே ஆங்கில வரலாற்றாசிரியர் ஆக்டன் பிரபுவின் 1887ஆம் ஆண்டுக் கடித வரி நினைவுக்கு வரும். நம் மேடைகளில் அதை ‘அதிகாரம் கெடுக்கும்’ என்று வெட்டிவிடுகிறோம். அவர் எழுதியது, அதிகாரம் கெடுக்கும் ‘போக்குடையது’ என்று. அடுத்த பாதியில்தான், ‘அப்சலூட்’ அதிகாரம் அடியோடு கெடுக்கும் என்கிறார். இந்த ‘அப்சலூட்’டும் லத்தீன்தான்; கட்டு அவிழ்க்கப்பட்டது என்று பொருள். அளவு பெரிதா சிறிதா என்பதை அச்சொல் பேசவில்லை, கட்டைப் பேசுகிறது. சின்சினாட்டஸுக்கும் பெரிய அதிகாரம் இருந்தது, கட்டும் இருந்தது. ஆகவே ‘முழு அதிகாரம்’ என்பதைவிட ‘வரம்பிலா அதிகாரம்’ பொருந்தும்.

டிக்டேட்டருக்குத் தமிழாகக் ‘கொடுங்கோலன்’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது பிழை. கோடிய, அதாவது வளைந்த கோல் கொடுங்கோல்; முறை தவறிய ஆட்சியைக் குறிப்பது. (குறளின் 56ஆவது அதிகாரம் கொடுங்கோன்மை. அங்கே ‘அதிகாரம்’ என்பது வெறும் பத்துப் பாட்டு!) வாரிசுரிமைப்படி முடிசூடிய மன்னனும் கொடுங்கோலனாகலாம். ‘எதேச்சாதிகாரி’ என்பது இச்சைப்படி ஆள்பவர். நடத்தையைச் சுட்டுமே தவிர பதவியை அல்ல.

தனித்தமிழில் ‘வல்லாட்சியர்’ என்று எழுதலாம். அதில் வன்மை தெரிகிறது, வரம்பின்மை தெரியவில்லை. ஆனாலும் இருப்பதில் நல்ல சொல் அதுதான். சுல்லாவுக்குப் பொருந்தும். சின்சினாட்டஸைப் பற்றி எழுதும்போது மட்டும் ‘டிக்டேட்டர்’ என்றே விட்டு, ஆறு மாதத் தவணையையும் பக்கத்தில் சொல்லிவிடுவது நல்லது.