பொம்மை மூஞ்சி, நிஜ மனுஷன் உடம்பு: ‘ஒன்-காகு’ படத்துல சிரிப்பு எங்கிருந்து வருது

ஹீரோ பேரு கென்ஜி, மொட்டைத் தலை, மெல்லிசா ஒரு மீசை, ஸ்கூல் ரவுடி. யாராச்சும் ஏதாச்சும் கேட்டா உடனே பதில் வராது, அப்படியே நிப்பான், நின்னுட்டே இருப்பான், வீடியோ ஹேங் ஆயிடுச்சோன்னு நாம மவுஸைத் தேடும்போது ஒரே ஒரு வார்த்தை சொல்லுவான். அவ்வளவுதான் ஜோக்கு. ஆனா சிரிப்பு வந்துரும்.

2019ல ஒட்டாவா அனிமேஷன் ஃபெஸ்டிவல்ல முழுநீளப் படத்துக்கான கிராண்ட் பிரைஸ் வாங்கின ஜப்பான் படம் இது. கதைன்னு பெருசா ஒண்ணும் இல்ல, வாத்தியத்தையே தொட்டுப் பாக்காத மூணு பசங்க திடீர்னு பேண்ட் ஆரம்பிக்கிறாங்க, ரெண்டு பேஸ் கிட்டார் ஒரு டிரம்ஸ், மெலடி வாசிக்க ஆளே கிடையாது. டைரக்டர் கென்ஜி இவாயிசாவா (ஆமா, அவரும் கென்ஜிதான்) சின்ன டீமை வெச்சுக்கிட்டு ஏழு வருஷத்துக்கு மேல உக்காந்து 40,000க்கு மேல படங்களைக் கையாலயே வரைஞ்சு முடிச்சாரு.

டெக்னிக் பேரு ரோட்டோஸ்கோப்பிங். முதல்ல நிஜ ஆளுங்களை நடிக்க வெச்சு கேமராவுல எடுத்துக்கணும், அப்புறம் ஒவ்வொரு ஃபிரேமா எடுத்து அதுமேல கோடு இழுக்கணும், ஸ்கூல்ல டிரேசிங் பேப்பர் வெச்சு மேப் வரைவோமே அதே வேலைதான். பழைய ஐடியா இது. அமெரிக்காவுல மேக்ஸ் ஃப்ளைஷர்னு ஒரு அனிமேட்டர் 1915ல இதுக்கு பேட்டண்ட் கேட்டு 1917ல வாங்கிட்டாரு. தம்பி டேவுக்கு கோமாளி டிரெஸ் மாட்டி ஆடவிட்டு ஃபிலிம் எடுத்து, அதைக் கண்ணாடியில ஒவ்வொரு ஃபிரேமா விழவெச்சு வரைஞ்சாங்க.

சரி, டிரேஸ் பண்ணா என்ன அப்படி வித்தியாசம்? சாதாரண அனிமேஷன்ல ஆர்ட்டிஸ்ட் முக்கியமான போஸை மட்டும் முதல்ல வரைஞ்சுட்டு நடுவுல உள்ளதை அப்புறம் நிரப்புவாங்க, அதனால அசைவு சுத்தமா, தேவையானது மட்டும் இருக்கும். நிஜ உடம்பு அப்படி இல்லயே. சும்மா நிக்கும்போதே வெயிட்டை இந்தக் கால்லேருந்து அந்தக் காலுக்கு மாத்துவோம், திரும்பும்போது தோள் ஒரு நொடி லேட்டா வரும், இதையெல்லாம் யோசிச்சு வரையறது ரொம்ப கஷ்டம், ஆனா கேமரா இதை ஓசியில பிடிச்சுக் குடுத்துடுது.

நம்ம மூளையும் இந்தச் சின்ன அசைவை விடாம கவனிக்குது, அதான் மேட்டர். 1973ல ஸ்வீடன்ல குன்னார் யோஹான்சன்னு ஒரு சைக்காலஜிஸ்ட் ஆளோட தோள், முழங்கை, இடுப்பு, முட்டின்னு மூட்டுக்கு மூட்டு ஒரு குட்டி லைட் வெச்சு இருட்டுல நடக்கவிட்டு அதைப் படம் பிடிச்சுக் காட்டினாரு. அசையாம நின்னா வெறும் புள்ளிதான், ஒண்ணும் புரியாது. நடக்க ஆரம்பிச்ச மறுகணமே பாத்தவங்களுக்கு அது மனுஷன்னு தெரிஞ்சுபோச்சு, மொத்தமே ஒரு டஜன் புள்ளிதான்! 1981ல வந்த இன்னொரு ஆய்வுல அதே மாதிரி புள்ளிகளை மட்டும் பாத்துட்டு, பெட்டியைத் தூக்குற ஆள் எவ்ளோ வெயிட் தூக்குறான்னுகூட ஜனங்க ஓரளவு சரியா சொல்லிட்டாங்க.

இப்ப படத்துக்கு வாங்க. கென்ஜி மூஞ்சியில இருக்குறது நாலு கோடுதான், அதைப் பாத்து மூளை இது பொம்மைன்னு முடிவு பண்ணிடுது. ஆனா அவன் பேஸ் கிட்டாரை மாட்டிக்கிட்டு நடந்தா நிஜ ஆளோட கனம் தெரியுது. ரெண்டும் ஒட்டாம உரசிக்கிட்டே இருக்கு, என்னைக் கேட்டா சிரிப்பே அங்கதான் இருக்கு. பொம்மை சும்மா நின்னா போர், இங்க ஒரு மனுஷன் யோசிக்கிறான்னு நம்பிட்டு நாம காத்திருக்கோம், கடைசியில அவன் ஒண்ணுமே யோசிக்கலன்னு தெரியுது.

ஒரு கணக்கு போடுவோம். படம் 71 நிமிஷம், அதாவது 4,260 செகண்ட், 40,000ஐ அதால வகுத்தா செகண்டுக்கு ஒம்பது படம் சொச்சம். ஸ்கிரீன்ல ஓடுறது செகண்டுக்கு 24 ஃபிரேம், அப்போ ஒரே படத்தை ரெண்டு மூணு ஃபிரேமுக்கு அப்படியே நிறுத்துறாங்க, ஆளுங்க சிலையாட்டம் நிக்கிற சீன்ல இன்னும் அதிகமா. வருசக்கணக்கா கையால வரையிறவனுக்கு இந்த மௌன ஜோக்கு எவ்ளோ லாபம்னு பாருங்க.

மிச்சம் பிடிச்சதையெல்லாம் கடைசி கச்சேரியில கொட்டிட்டாங்க. அதுக்காக நிஜமாவே மேடை போட்டு, மியூசிஷியன்ஸ், ஆடியன்ஸ்லாம் வரவெச்சு ஷூட் பண்ணி அதுமேல வரைஞ்சாங்க. ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப கையால டிரேஸ் பண்ணா ஒரு கோடும் முந்தின கோட்டு மேல கரெக்டா உக்காராது, ஓடவிட்டா கோடெல்லாம் கொதிக்கிற மாதிரி நடுங்கும். மத்த இடத்துல இதைக் குறைன்னு சொல்லிடலாம், கச்சேரியில ஸ்பீக்கர் அதிர்ற மாதிரியே இருக்கு.

ஆனா ரோட்டோஸ்கோப் போட்டாலே ஒர்க்அவுட் ஆயிடும்னு நினைக்காதீங்க. 2013ல ‘அகு நோ ஹானா’ன்னு ஒரு டிவி சீரியல் இதே முறையில வந்துச்சு, அதுல நடிகர்களோட மூஞ்சியையும் கிட்டத்தட்ட அப்படியே டிரேஸ் பண்ணிட்டாங்க, அந்தக் கதையை முதல்ல மாங்காவா (ஜப்பான் காமிக்ஸ்) படிச்சுட்டு வந்த ரசிகர்கள்ல நிறைய பேர் இது எங்க கேரக்டரே இல்லன்னு கடுப்பானாங்க. இவாயிசாவா உடம்பை மட்டும் கேமராகிட்ட இருந்து வாங்கிக்கிட்டு மூஞ்சியை இந்தப் படத்துக்கு மூலமான ஹிரோயுகி ஓஹாஷியோட மாங்காவுலேருந்தே எடுத்துக்கிட்டாரு.