அதிவேகக் கற்றையா, கற்றை விரைசெலுத்தலா?

போன கிழமை ஒரு புற்றுநோய் விழிப்புணர்வுக் கூட்டத்தில் மறுபடியும் கேட்டேன்: "அதிவேகப் புரோத்தன் கற்றைச் சிகிச்சை." எத்தனையாவது தடவை என்று எனக்கே கணக்கில்லை. புரோத்தன் என்ற அணுத் துணிக்கைகளின் கற்றையைப் புற்றின்மேல் விரைவாகச் செலுத்தி முடிக்கும் முறையைத்தான், ஆங்கிலத்தில் 'றப்பிட் பீம் டெலிவறி' என்பதைத்தான், சொல்ல வந்தார்கள். சொல்லில் நிற்பது வேறொன்று: கற்றையே அதிவேகமானது என்று.

'பீம்' பழைய ஆங்கிலத்தில் மரம், பிறகு உத்தரம், அப்புறம் நேராக விழும் ஒளி. நமக்கு அந்தச் சுற்று வேண்டாம். வைக்கோற் கற்றை, சடைக் கற்றை என்கிறோமே, ஒரே திசையில் சேர்ந்தோடும் துணிக்கைகளுக்கும் அதுவே போதும். 'ஒளிக்கற்றை' என்பது முழுப் பிழை. புரோத்தன் ஒளியே அல்ல.

'அதிவேக' என்பதுதான் என்னை வதைக்கிறது. உடலுக்குள் புரோத்தன் எவ்வளவு ஆழம் போகும் என்பதை அதன் கதியே தீர்மானிக்கிறது. சக்தி கூடக் கதியும் கூடும். 70 மெகா இலத்திரன்வோற்று (துணிக்கையின் சக்தியை அளக்கும் அலகு) சக்தியில் தண்ணீருக்குள் ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர், 230இல் 33. நிற்கும் இடத்தில்தான் மிகுதியாகச் சக்தியைக் கொட்டும், அதற்கப்பால் அநேகமாக ஒன்றுமில்லை. 1946இல் அமெரிக்கப் பௌதிகவியலாளர் றொபேட் வில்சன் இச்சிகிச்சையை முன்மொழிந்ததே இந்தக் குணத்தை நம்பித்தான். கற்றையின் வேகத்தைக் கூட்டினால் அது புற்றைத் தாண்டி, பின்னாலிருக்கும் நல்ல உறுப்பில் போய் நிற்கும். சிகிச்சையின் பெயரே சிகிச்சையின் தவறைச் சொல்லலாமா?

விரைவு வேறிடத்தில் இருக்கிறது. மெல்லிய கற்றையைக் காந்தங்களால் திருப்பித் திருப்பி, புற்றைப் புள்ளி புள்ளியாக, படை படையாக, அதாவது அடுக்கடுக்காக, நிரப்புகிறார்கள். ஒரு படை முடிய, சக்தியை மாற்றி அடுத்த படை. அந்த மாற்றத்தில் கழியும் நேரத்தைக் குறைக்கிறார்கள். நுரையீரலிலும் ஈரலிலும் உள்ள புற்று மூச்சோடு அசையும். மூச்சைப் பிடித்திருக்கும்போதே முடித்துவிட்டால் குறி தப்பாது.

ஆகவே 'கற்றை விரைசெலுத்தல்' என்பேன். ஊசி மருந்தைச் செலுத்துவதுபோல. 'கற்றை விநியோகம்' வேண்டாம். நிவாரணப் பொருளையும் மின்சாரத்தையும் விநியோகிக்கட்டும்.

மொழிபெயர்ப்பவர்கள் அடைமொழியை எங்கே ஒட்டுகிறோம் என்று பார்ப்பதேயில்லை. 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிசன் மருத்துவர் கிறீன் மேலைமருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். அந்த மண்ணில் இருந்துகொண்டு இந்த அசிரத்தை பொறுக்க முடியவில்லை.

கூட்டம் முடிய, தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆசுபத்திரிக்குச் சிகிச்சைக்குப் போய்வரும் ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: "அவ்வளவு வேகமா அடிச்சா நோகாதோ, தம்பி?"

"வேகம் அதேதான் அம்மா, கெதியா முடிஞ்சிடும்" என்றேன்.