நிவாரணம் யாருடைய வாசல்வரை வந்தது? பெருந்தொற்றுக் காலத்து இலங்கைச் சுற்றுலாத்துறை

2018 ஆம் ஆண்டில் 23 இலட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டுப் பயணிகளை வரவேற்று ஏறத்தாழ 438 கோடி அமெரிக்க டொலர் ஈட்டிய இலங்கைச் சுற்றுலாத்துறை, 2021 இல் இரண்டு இலட்சம் பயணிகளைக்கூடக் காணவில்லை. அவ்வாண்டு வருமானம் சுமார் 50 கோடி டொலராகச் சுருங்கியது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களில் விழுந்த துறை எழுந்து நிற்பதற்குள், 2020 மார்ச் மாதத்தில் விமான நிலையங்கள் மூடப்பட்டு ஊரடங்கும் வந்து சேர்ந்தது. அவ்வாண்டுக்கான கணக்கில் காணப்படும் ஐந்து இலட்சத்துச் சொச்சம் பயணிகளில் ஏறக்குறைய அனைவருமே மார்ச் நடுப்பகுதிக்குமுன் வந்தவர்கள் என்பதை மறந்து அந்த எண்ணைப் பார்க்கிறவர்களுக்கு, மீதி ஒன்பது மாதங்கள் எப்படிக் கழிந்தன என்பது புலப்படாது.

திருகோணமலை, மட்டக்களப்பு மாவட்டங்களில் சிறு ஹோட்டல்களுக்கும் விருந்தினர் இல்லங்களுக்கும் படகுச் சேவை நடத்துபவர்களுக்கும் கணக்கு எழுதுவதும், அவர்களுடைய வங்கி விண்ணப்பங்களைத் தயாரித்துக் கொடுப்பதும் என் தொழில். அந்த ஆண்டுகளில் என் மேசைக்கு வந்த கோப்புகளைப் பார்த்த பின்னர், அரசு கொடுத்தது போதுமா போதாதா என்ற விவாதத்தைவிட, கொடுத்தது எந்த வழியாகப் போனது என்ற கேள்வியே எனக்கு முக்கியமாகப் படுகிறது. உதவி பதிவேடு என்ற ஒரே வாய்க்காலில் ஓடியது. அந்த வாய்க்காலின் கரையில் நிலம் இல்லாதவர்களுக்கு ஒரு சொட்டும் பாயவில்லை.

அறிவிக்கப்பட்டவை குறைவு என்று சொல்ல முடியாது. கடன் தவணைகளை ஒத்திவைக்கும் சலுகையை மத்திய வங்கி 2020 மார்ச்சில் அறிவித்து, சுற்றுலாத்துறைக்கு மட்டும் அதைப் பலமுறை நீடித்து 2022 ஜூன் வரை கொண்டுசென்றது. தொழிலின் அன்றாடச் செலவுகளைச் சமாளிப்பதற்கான தொழிற்படு மூலதனக் கடன் நான்கு சதவீத வட்டியில் வழங்கப்பட்டது. பதிவுபெற்ற வழிகாட்டிகளுக்கும் சுற்றுலாச் சாரதிகளுக்கும் ஒருமுறைக் கொடுப்பனவு கிடைத்தது. வேலையின்றி வீட்டில் இருக்க நேர்ந்த ஊழியருக்கு அடிப்படைச் சம்பளத்தின் பாதி அல்லது 14,500 ரூபாய், இவற்றில் எது கூடுதலோ அது வழங்கப்பட வேண்டும் என்று அரசும் முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும் உடன்பட்டன. இவை ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு நிபந்தனை நின்றது: நீங்கள் சுற்றுலாத்துறையைச் சேர்ந்தவர் என்பதைக் காகிதத்தில் காட்ட வேண்டும்.

நிலாவெளியில் ஆறு அறைகள் கொண்ட விருந்தினர் இல்லம் ஒன்றை நடத்திய அம்மா ஒருவர் வங்கிக்குக் கொண்டுபோக வேண்டிய ஆவணங்களுடன் வந்தார். அவர் காட்டிய கொப்பியில் 2016 முதல் வந்து தங்கிய ஒவ்வொரு விருந்தினரின் நாடும், இரவுகளின் எண்ணிக்கையும், கொடுத்த பணமும் பிழையின்றி எழுதப்பட்டிருந்தன. இணைய முன்பதிவுத் தளத்தில் அவருடைய இல்லத்துக்கு நல்ல மதிப்பெண்ணும் இருந்தது. ஆனால் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு இல்லை. பிரதேச சபையின் வியாபார உரிமம் இரண்டு ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படவில்லை. அறைகளைக் கட்டுவதற்கு எடுத்த கடன், விரைவாகக் கிடைக்கும் என்பதற்காகத் தனிநபர் கடனாகவே பெறப்பட்டிருந்தது. தனிநபர் கடனுக்கு அப்போது கிடைத்த சலுகை குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்டது, காலமும் சில மாதங்களே. ஊரிலுள்ள எல்லோருக்கும் அவர் சுற்றுலாத் தொழில் செய்பவர். வங்கியின் கணினிக்கு மட்டும் அவர் கடன் வாங்கிய ஒரு குடும்பப் பெண். விண்ணப்பத்தை நிராகரித்த அதிகாரியைக் குறை சொல்லவும் இடமில்லை, அவர் கையிலிருந்த சுற்றறிக்கை அவ்வளவுதான் அனுமதித்தது.

சம்பளச் சீட்டும் இதேபோன்ற ஒன்று. ஹோட்டல் ஊழியர் வீட்டுக்குக் கொண்டுபோகும் பணத்தில் அடிப்படைச் சம்பளம் ஒரு பங்குதான். விருந்தினரிடம் அறவிடப்படும் பத்துச் சதவீதச் சேவைக் கட்டணத்தில் கிடைக்கும் பங்கும் கைக்கு வரும் அன்பளிப்பும் சேர்ந்தே குடும்பம் ஓடும், நல்ல பருவத்தில் அவை அடிப்படைச் சம்பளத்தைத் தாண்டிவிடுவதும் உண்டு. அடிப்படையில் பாதி என்று பேசி முடித்தபோது, உண்மையான வருமானத்தின் பாதியல்ல, அதிலும் மிகச் சிறிய துண்டே பாதுகாக்கப்பட்டது. சேமலாப நிதிக்குப் பணம் கட்டப்படாத, பருவத்துக்கு மட்டும் வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு அந்தத் துண்டும் இல்லை. சமையற்காரர்களும் வரவேற்புப் பணியாளர்களும் வளைகுடா நாடுகளுக்கும் மாலைதீவுக்கும் புறப்பட்டுப் போனதற்கும், இன்று ஹோட்டல்காரர்கள் ஆள் கிடைக்கவில்லை என்று முறையிடுவதற்கும் இதில் ஒரு காரணம் இருக்கிறது. அதே காலத்தில் நியூசிலாந்து அரசு முழுநேர ஊழியர் ஒருவருக்கு வாரத்துக்கு 585.80 நியூசிலாந்து டொலர் என்று ஒரே தொகையை நிர்ணயித்து முதலாளிமார் ஊடாக வழங்கியது. இலங்கைத் திறைசேரிக்கு அந்தப் பண வசதி இருக்கவில்லை என்பது உண்மை, ஆயினும் ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கிடும் முறையையாவது எடுத்துக்கொண்டிருக்கலாம்.

தவணை ஒத்திவைப்பைப் பற்றி என் வாடிக்கையாளர் பலருக்கு இருந்த தவறான புரிதலையும் இங்கே சொல்ல வேண்டும். ஒத்திவைப்பு என்பது தள்ளுபடி அன்று. செலுத்தாத தவணையும் அதற்கான வட்டியும் திரண்டு, பின்னர் தனிக் கடனாக மாற்றப்பட்டுத் திரும்பி வந்தன. 2022 ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி, மற்ற வங்கிகளின் கடன் வட்டியை வழிநடத்தும் தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் ஏழு சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. சில நாட்களில் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதையும் நிறுத்தியது. மாறும் வட்டியில் கடன் எடுத்திருந்தவர்களுக்கு ஜூன் மாத முடிவில் சலுகை தீர்ந்தபோது, பழைய தவணையைவிடப் பெரிய தவணை காத்திருந்தது. பெற்றோல் வரிசைகள் கிலோமீற்றர் கணக்கில் நீண்டிருந்த வாரங்கள் அவை. கொழும்பிலிருந்து பாசிக்குடாவுக்கு ஒரு வான் வந்து சேர்வதே அப்போது செய்தியாக இருந்தது.

கிழக்குக் கரைக்கு இது இன்னும் மோசமாக அமைந்ததற்குப் பருவம் காரணம். பெந்தோட்டை, ஹிக்கடுவை, மிரிஸ்ஸ போன்ற மேற்கு, தெற்குக் கரைகளுக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை பயணிகள் வருவார்கள். நிலாவெளி, பாசிக்குடா, அறுகம்குடா ஆகியவற்றுக்கு மே முதல் செப்டெம்பர் வரை. 2019 இல் கிழக்கின் பருவம் தொடங்கவிருந்த வேளையில் குண்டுகள் வெடித்தன. மட்டக்களப்பு நகரிலேயே ஒரு தேவாலயம் தாக்கப்பட்டது. 2020 பருவத்தில் விமான நிலையங்கள் மூடியிருந்தன. 2021 இல் சித்திரைப் புத்தாண்டுக்குப் பின் எழுந்த மூன்றாம் அலை மே மாதத்தை விழுங்கியது. 2022 இல் எரிபொருள் இல்லை. நான்கு பருவங்கள் அடுத்தடுத்துப் போன இடத்துக்கும், இடையிடையே ஒரு குளிர்காலத்தையாவது கண்ட இடத்துக்கும் ஒரே திகதியில் சலுகையைத் தொடங்கி ஒரே திகதியில் முடிப்பது சமமாக நடத்துவதுபோல் தோன்றும், ஆனால் சமம் அன்று. ஒரு பகுதியின் பருவம் முடிந்து கையில் பணம் வந்த பின்னரே அப்பகுதியின் தவணைகள் மீண்டும் தொடங்க வேண்டும் என்று சுற்றறிக்கையில் ஒரு வரி சேர்ப்பதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

மீண்டும் திறந்தபோதும் சிறியவர்கள் கடைசி வரிசையில்தான் நின்றார்கள். 2020 டிசம்பர் இறுதியில் உக்ரேனியப் பயணிகளைக் கொண்டு சோதனை ஓட்டம் நடத்தி, 2021 ஜனவரி 21 ஆம் திகதி விமான நிலையங்களைத் திறந்தபோது, பயணிகள் சான்றிதழ் பெற்ற ஹோட்டல்களில் மட்டுமே தங்கி, குறிப்பிட்ட இடங்களை மட்டும் மற்றவர்களோடு கலக்காமல் பார்த்துவர வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தது. சுகாதார நோக்கில் அதைக் குறை கூற மாட்டேன். மாலைதீவும் 2020 ஜூலை 15 இல் தன் எல்லைகளைத் திறந்தபோது, ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்ற அமைப்பு கைகொடுத்ததால் பெரிய விடுதிகளை முதலில் இயக்கி, மக்கள் வாழும் தீவுகளின் விருந்தினர் இல்லங்களை அக்டோபர் நடுப்பகுதிவரை காக்க வைத்தது. தாய்லாந்து 2021 ஜூலையில் புக்கெட் தீவைத் திறப்பதற்குமுன் அத்தீவு மக்களுக்குத் தடுப்பூசி ஏற்றுவதை முதல் வேலையாக வைத்துக்கொண்டது. இந்த இரண்டாவது முறையே எனக்குச் சரியாகப் படுகிறது, ஏனெனில் இலங்கையில் 2020 மார்ச்சில் அடையாளம் காணப்பட்ட முதல் உள்நாட்டு நோயாளி, இத்தாலியப் பயணிகளை அழைத்துச் சென்ற ஒரு வழிகாட்டி. தொற்று முதலில் தொடுவது பயணியின் பையைத் தூக்குபவரையும் வாகனம் ஓட்டுபவரையும்தான்; ஆகவே அடுத்த தடவை தடுப்பூசியோ பரிசோதனையோ வரும்போது அவர்கள் முன்வரிசையில் நிற்க வேண்டும், அதற்கும் அவர்கள் யார் யார் என்று எங்கோ ஒரு பட்டியல் இருந்தாக வேண்டும்.

இப்போது பயணிகள் திரும்பிவிட்டார்கள். 2024 இல் 20 இலட்சத்தைத் தாண்டினார்கள். அறைகள் நிரம்பியிருக்கும் காலத்தில் இந்தப் பேச்சு யாருக்கும் சுவைக்காது என்பது தெரியும். ஆனாலும் என்னிடம் வருபவர்களிடம் நான் கேட்பவை இவை: அதிகார சபையில் பதிவு செய்துவிட்டீர்களா, வியாபார உரிமம் இவ்வாண்டுக்கு உரியதா, கடன் உங்கள் தொழிலின் பெயரில் இருக்கிறதா, பருவத்துக்கு வரும் பையன்களுக்குச் சேமலாப நிதி கட்டுகிறீர்களா, காப்புறுதிப் பத்திரத்தில் வியாபாரத் தடை இழப்பு என்ற பகுதியில் தொற்றுநோய் விலக்கப்பட்டிருக்கிறதா. கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் யாரும் பதில் சொல்வதில்லை, பத்திரத்தைப் பிரித்துப் பார்த்திருக்கவே மாட்டார்கள். கட்டடத்துக்குச் சேதம் ஏற்பட்டால்தான் வருமான இழப்புக்குப் பணம் என்று பல பத்திரங்கள் சொல்லும். கொவிட் எந்தச் சுவரையும் இடிக்கவில்லை.

பதிவு செய்யாதிருப்பதற்கு அவர்கள் தரப்பில் நியாயமும் உண்டு. பதிவுபெற்ற நிறுவனம் மொத்த வருமானத்தில் ஒரு சதவீதம் தீர்வை செலுத்த வேண்டும். தீயணைப்பு வசதி முதல் கழிவுநீர் வரை சான்றுகள் கேட்கப்படும். காணி உறுதி தெளிவில்லாத இடங்களில் முதல் படியிலேயே கோப்பு நின்றுவிடும். போரினாலும் சுனாமியாலும் ஆவணங்களைத் தொலைத்த கிழக்குக் கரையில் இது சின்ன விடயம் அல்ல. அந்தத் தீர்வையும், விமான நிலையப் புறப்பாட்டு வரியில் ஒரு பகுதியும் 2005 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின்கீழ் அமைந்த நிதியத்துக்குச் செல்கின்றன. அப்பணத்தில் ஒரு பங்கை நல்ல ஆண்டுகளில் தொடாமல் ஒதுக்கிவைத்து, கதவுகள் மூடப்படும் ஆண்டில் ஊழியர் கணக்குகளுக்கே நேராக அனுப்புவதாகச் சட்டத்தில் எழுதினால், நிலாவெளி அம்மாவைப் போன்றவர்கள் பதிவுக்கு வர வேறு தூண்டுதல் தேவைப்படாது. காணி உறுதி இல்லாதவர்களுக்குப் பிரதேச செயலகத்தின் வதிவிடச் சான்றையும் சில ஆண்டுகளின் விருந்தினர் பதிவேட்டையும் ஏற்றுத் தற்காலிகப் பதிவு கொடுப்பதை மட்டும் அதிகார சபை முதலில் தொடங்க வேண்டியிருக்கும்.